ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த காசுகளும் நான் இழந்த 42,800 ரூபாயும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பரணில் கிடந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை அம்மா எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே 73 காசுகள் இருந்தன. கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்திய அப்பா, கல்லாவில் விழுந்த செல்லாக் காசுகளையும், காவிரி வற்றிக் கிடக்கும் மாதங்களில் ஆற்று மணலை அரிப்பவர்கள் அரிசிக்கும் பருப்புக்கும் ஈடாகக் கொடுத்துவிட்டுப் போன செப்புக் காசுகளையும் அந்தப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். அவர் அவற்றைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எனக்கு அப்போது வயது 38. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வரலாறு என்பது பத்தாம் வகுப்போடு முடிந்துபோன பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த பதினான்கு மாதங்களில் நான் எப்படியெல்லாம் ஏமாந்தேன் என்பதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். வீட்டுப் பரணில் இப்படியொரு பாட்டில் கிடைத்தவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் தவறு பணம் சம்பந்தப்பட்டதன்று. ஆனால் இன்றுவரை உறுத்துவது அதுதான். காசுகள் கறுத்தும் பச்சை பிடித்தும் இருந்ததால், செப்புக் குடத்தை விளக்குவதைப் போல விளக்கிவிட்டால் என்னவென்று தோன்றியது. புளியில் ஊற வைத்தேன். போதவில்லை என்று எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் சேர்த்துத் தேய்த்தேன். அதற்கும் மசியாத பதினோரு காசுகளை, நகை வேலை செய்யும் தெருவில் வாங்கி வந்த ஆசிட்டில் போட்டேன். பத்து நிமிடத்தில் எடுத்தபோது அவை புதுச் செப்பாக, இளஞ்சிவப்பாகப் பளபளத்தன. அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், முன்பு மங்கலாகவேனும் தெரிந்த மனித உருவமும் எழுத்துகளும் அவற்றில் இல்லை என்பது புலப்பட்டது. பதினோரு மொட்டை வில்லைகள்.

இது ஏன் நடந்தது என்பதைப் பின்னால் அறிந்துகொண்டேன். பல நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த செப்பின் மேற்பரப்பு செப்பாகவே இருப்பதில்லை. அது காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து கெட்டியான வேறொரு படலமாக மாறிவிடுகிறது. அச்சில் விழுந்த கோடுகளும் எழுத்துகளும் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும்போது அழுக்கோடு சேர்ந்து அரசனும் போய்விடுகிறான். ஆகவே பழைய செப்புக் காசு கிடைத்தால் அதைப் பளபளப்பாக்க முயலாதீர்கள். கறுப்போடும் பச்சையோடும் இருப்பதே அதன் உடல்நலம். மண் அப்பியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் போட்டு, சில நாள்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, மூங்கில் குச்சியின் முனையால் மெல்லத் தள்ளினால் போதும். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் மட்டும் அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். அது செப்பை உள்ளிருந்து தின்னும் குளோரைடு நோய். ஈரம் பட்டால் வளரும். மெழுகு போல நெகிழும் பிவிசி உறைகளும் வேண்டாம், ஓரிரு வருடத்தில் அவை காசின் மேல் பச்சைப் பசையைக் கசியவிடும். ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர் ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அடுத்து நேர்ந்தது பேராசை. ஒரு வாட்ஸாப் குழுவின் வழியே அறிமுகமானவர் என்னைப் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் சந்தித்து, பட்டுத் துணியில் சுற்றிய இரண்டு பெரிய செப்புக் காசுகளைக் காட்டினார். ஒரு பக்கத்தில் இராமர் பட்டாபிஷேகம். மறுபக்கத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஹாஃப் அணா, 1818’ என்று ஆங்கில எழுத்து. “தம்பி, இது கோயில்ல வெச்சுப் பூஜை பண்ணின காசு. சென்னையில லட்சக்கணக்குல கேக்குறாங்க. எனக்கு மக கல்யாணம், அவசரம்” என்றார். இரண்டையும் சேர்த்து 15,000 ரூபாய்க்கு வாங்கினேன். காசுக்குத் தெய்வ சக்தி இருக்கிறது என்பதற்குச் சான்றாக அவர் ஓர் அரிசி மணியைக் காசின் அருகே கொண்டுபோய் அது ஒட்டிக்கொள்வதையும் காட்டினார் என்பதை இங்கே மறைத்தால் இந்தக் கட்டுரை எழுதுவதில் பொருளில்லை. இரும்புத் தூள் தடவிய அரிசியும் உள்ளங்கையில் மறைத்த காந்தமும் போதும் அந்த வித்தைக்கு. கணக்குப் பிரிவில் பதினைந்து வருடம் வவுச்சர் சரிபார்த்தவன், ஒரு மணி அரிசியில் விழுந்தேன்.

அந்தக் காசுகளை நாணயம் சேர்ப்பவர்கள் ‘கற்பனைக் காசு’ என்கிறார்கள். அதாவது அவை போலி கூட அல்ல. போலிக்கு ஓர் அசல் இருக்க வேண்டும், இவற்றுக்கு அசலே கிடையாது. ‘1818’ என்றும் ‘ஹாஃப் அணா’ என்றும் போட்டு இராமர் பட்டாபிஷேகத்தைப் பொறித்த காசு எதையும் கம்பெனி வெளியிட்டதில்லை. ஆனாலும் பொய் ஏன் எடுபடுகிறது என்றால், அதற்குப் பக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது: சென்னையில் கம்பெனி அடித்த ‘பகோடா’ எனப்படும் தங்க நாணயங்களில் ‘மூன்று சுவாமி பகோடா’ என்று ஒரு வகை உண்டு, அதில் பெருமாளும் இரு தேவியரும் நிற்பார்கள். சென்னை மாகாணத்துக்காக வந்த அசல் செப்புக் காசு எப்படி இருக்கும் என்றால், 1808ஆம் ஆண்டின் பத்துக் காசு, இருபதுக் காசு நாணயங்களைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து. அவை இங்கே அடிக்கப்பட்டவையல்ல. பர்மிங்காமுக்கு அருகே சோஹோவில் மேத்யூ போல்ட்டனின் நீராவி இயந்திரத்தில் அடிக்கப்பட்டுக் கப்பலேறியவை. அப்படி டன் கணக்கில் ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளாகவே 1809 ஜனவரியில் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. நம்மூர்ச் சந்தையில் புளி வாங்கப் பயன்பட்டிருக்க வேண்டிய காசுகள் ஏறக்குறைய 175 ஆண்டுகள் ஆங்கிலக் கடலடியில் கிடந்து, அதன் பிறகு முக்குளிப்பவர்களால் மேலே வந்தன. அந்தக் காசு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. இராமர் காசுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகவில்லை.

மூன்றாவது இழப்பு 21,000 ரூபாய், இதுதான் பெரியது. ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட வெள்ளி ரூபாய்களில் 1939ஆம் ஆண்டுக்குரியது மிக அரிது என்று எங்கோ படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்தவனுக்கென்றே ஒரு வலை காத்திருக்கும் போலும். ஒரு விற்பனையாளரிடம் அந்த ஆண்டு போட்ட ரூபாயைப் பார்த்ததும் கை நடுங்கியது. முன்பு ஏமாந்தவன் என்பதால் இம்முறை எச்சரிக்கையாக எடை போட்டேன், 11.66 கிராம், சரியாக இருந்தது. வெள்ளியும் நல்ல வெள்ளிதான். வாங்கிவிட்டேன். பல வாரங்கள் கழித்துத் தெரிந்தது, காசு அசல்தான், ஆண்டுதான் பொய். 1938ஆம் ஆண்டு ரூபாயில் கடைசி எண்ணான 8இன் கீழ்ச்சுழியில் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கியிருந்தார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அந்த இடத்தில் தளம் லேசாகக் குழிந்து, நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். எடை பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு அது பதிலும் சொல்லாது. அரிய ஆண்டு என்று விலை ஏற்றிச் சொல்லப்படும் எந்தக் காசிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆண்டு எண்ணைத்தான். அதை அப்போது 200 ரூபாய் லென்ஸ் ஒன்று எனக்குச் சொல்லியிருக்கும்.

நான்காவது கதை சுருக்கமானது. போன பணத்தை மீட்க வேண்டும் என்ற வெறியில், வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் தருவதாக வந்த விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, பிறகு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் என்று மூன்று தவணையில் 6,800 ரூபாய் அனுப்பினேன். நான்காவதாக 18,500 கேட்டபோதுதான் விழித்தேன். அந்தக் காசு 2012இல் பெரும் எண்ணிக்கையில் அடிக்கப்பட்டது, உங்கள் சில்லறையிலேயே இருக்கலாம். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்கும் வியாபாரத்தில் இல்லை. தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அதுவே எச்சரிக்கை வெளியிட்டது. விற்கப் போகிறவன் முன்பணம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பிவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நான் வெட்கத்தில் ஒன்பது நாள் கழித்துப் புகார் செய்தேன், அதற்குள் அந்தக் கணக்கு துடைத்து வைத்ததுபோல் காலியாகியிருந்தது.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்லவில்லை. பாட்டிலைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டியது. மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தில்தான், பக்கத்து ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அங்கே நான் எதிர்பார்த்தது வியாபாரிகளை. கண்டது வேறு ஒரு கூட்டம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தபால் துறையில் இருந்தவர் ஒருவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் இரண்டு பையன்கள், நகை செய்யும் பத்தர் ஒருவர் என ஏழெட்டுப் பேர், புதிய பத்து ரூபாய்க் காசு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு அதன் ஆண்டுக்குக் கீழே இருப்பது புள்ளியா, தூசியா என்று அரை மணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறி காசு அடித்த அக்கசாலையைச் சொல்லும்: புள்ளியானால் நொய்டா, நட்சத்திரமானால் ஐதராபாத், வைரமானால் மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அந்தக் காசின் மதிப்பு பத்து ரூபாய்தான் என்பது அங்கிருந்த எவருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. அப்பா இறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

என் பாட்டிலைத் தமிழாசிரியரிடம் நீட்டினேன். அவர் விலை எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு காசாக எடை போட்டு, விளிம்பைப் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஆசிட்டில் வெந்த பதினொன்றைப் பார்த்ததும் மட்டும், “யார் பண்ணின வேலை ஐயா இது?” என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் விட்டார். அவரிடம் நான் கற்ற முதல் பழக்கம் இதுதான்: காசு கைக்கு வந்தவுடன் எடை, விட்டம், எங்கே எப்போது வாங்கியது, என்ன கொடுத்தது என்ற நான்கையும் எழுதி வைக்க வேண்டும். நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. என்னுடைய 15,000 ரூபாய்க்கு முன்னால் அதை வாங்கியிருந்தால் என்று நினைப்பதை இப்போது நிறுத்திக்கொண்டேன்.

பத்தர் கற்றுத் தந்தது கைவேலை. வார்ப்புப் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லாமல், அடுத்த வாரம் பட்டறைக்கு வரச் சொன்னார். எஃகுத் துண்டின் முகத்தில் என் பெயரின் முதல் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, சிற்றுளியால் வெட்டி வைத்திருந்தார். மூன்று நாள் வேலை. இன்னொரு அச்சை மரக்கட்டையில் பதித்திருந்தார். செப்பு வில்லையைச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் கீழச்சின் மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துக்கொண்டு, “அடி தம்பி, ஒரே அடி” என்று சுத்தியலை என்னிடம் கொடுத்தார். அடித்தேன். எழுத்தின் பாதி வில்லையில் விழுந்தது, பாதி வெளியே போயிற்று. வில்லையின் ஓரம் ஒரு பக்கம் பிளந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ சோழர் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். அதிலும் உருவத்தின் தலை வெளியே போயிருந்தது, ஓரம் அதே மாதிரி பிளந்திருந்தது. “அவனும் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல அடிச்சவன்தானே” என்றார். சுத்தியல் அடியில் செப்பு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓடும், ஆகவே எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும், ஓரம் வெடிக்கும். அச்சில் ஊற்றி வார்த்த போலியில் எழுத்து சோப்பில் பதிந்தது போல மழுங்கியிருக்கும், மேலே ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு ஓடும். அதை அராவி மறைத்திருந்தால் அராவிய தடம் இருக்கும். நடுவில் விழாமல் கோணலாக விழுந்த அச்சைக் குறை என்று ஒதுக்காதீர்கள். பல சமயம் அதுதான் சுத்தியல் பிடித்த ஒரு மனிதனின் கையெழுத்து.

சட்டத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் கடைக் கல்லாவுக்கு ஆற்றுக் காசு எப்படி வந்தது என்பது எனக்கே சங்கடமான விஷயம். மண்ணில் புதைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். வீடு கட்டப் பள்ளம் தோண்டும்போது பானையோடு காசு வந்தால் அதைப் பங்கு போட்டுக்கொள்வது குற்றம். வரலாற்றுக்கும் இழப்பு, எந்தக் காசு எந்தக் காசோடு கிடந்தது என்பதே பாதிச் செய்தி. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ரோமானியத் தங்கக் காசுகள் 501 ஒரே குவியலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தில் வேண்டுமென்றே உளி வெட்டு விழுந்திருந்தது என்பது, அவை சேர்ந்து கிடைத்ததால்தானே தெரிய வந்தது? தனித்தனியாக விற்றிருந்தால் ‘சேதமான காசு’ என்று உருக்கியிருப்பார்கள். நூறாண்டைக் கடந்த காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டில் இருந்து வாங்குபவர் எவ்வளவு விலை சொன்னாலும் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

பாட்டிலில் மிஞ்சிய காசுகளில் பத்தொன்பது ஒரே மாதிரி இருந்தன: ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், அவன் இடக்கைக்குக் கீழே மூன்று வரியில் நாகரி எழுத்து. ‘ஸ்ரீ ராஜ ராஜ’. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனின் பெயர் தமிழில் இல்லாமல் நாகரியில் இருப்பதைப் பார்த்து முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எங்கும் கிடைக்கும் காசு இது, விலையும் சொற்பம். ஆனாலும் தமிழாசிரியர், “படிக்கத் தெரியாத காசை வைத்திருக்காதீர்கள், விலை கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள்” என்று நாகரி எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஒவ்வொரு இரவும் மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டு, ஒவ்வொரு காசாகப் படித்தேன். இதை ஏன் பக்கவாட்டு வெளிச்சத்தில் செய்ய வேண்டும் என்றால், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழுந்து நிற்கும். கைபேசி டார்ச்சே போதும்.

பதினான்காவது காசில் ‘ஸ்ரீ’ வந்தது, ‘ரா’ வந்தது, ‘ஜ’ வந்தது. அடுத்து வர வேண்டிய ‘ரா’ வரவில்லை. தேய்மானம் என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது ‘லீ’. அதற்கடுத்து ‘லா’. கீழ்வரியில் ‘வதீ’. மணி பன்னிரண்டரை இருக்கும். தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பினேன். சோழர் ஈழத்தை ஆண்டு விட்டுப் போன பிறகும் பொலன்னறுவை அரசர்கள் அதே நிற்கும் மனிதனையும் உட்கார்ந்த மனிதனையுமே தங்கள் காசில் தொடர்ந்து அடித்தார்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு. அந்த வரிசையில் ஒருத்தி லீலாவதி. முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி. 1197 தொடங்கி மூன்று முறை அரியணை ஏறி மூன்று முறை இறக்கப்பட்டவள். கடைசி முறை அவளை இறக்கியவன் பாண்டிய நாட்டிலிருந்து படையோடு போன பராக்கிரம பாண்டியன். தன் காசில் அவள் ‘ராணி’ என்று போட்டுக்கொள்ளவில்லை. ‘ஸ்ரீ ராஜ லீலாவதீ’ என்றே பொறித்தாள்.

இழந்த பணக் கணக்கு முழுவதையும் அன்று இரவுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு லென்ஸை வாங்கி, அந்த மூன்று வரியையும் விரலால் தடவுவது போல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டு, “உங்க அப்பா இதை எத்தனை கிலோ அரிசிக்கு வாங்கியிருப்பாரு?” என்று கேட்டாள். கடையின் பழைய கணக்கு நோட்டுகள் பரணில்தான் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது 1987இல் இருக்கிறேன்.